ஸ்மார்ட் போர்டால் மார்க் கூடியதா என்று கேட்கிறார்கள்

கேள்வி: சேரன்மகாதேவிப் பக்கம் ஓர் உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து இரண்டு ஸ்மார்ட் போர்டும் பத்துக் கம்ப்யூட்டரும் வாங்கித் தந்தார்கள். இப்போது நிர்வாகக் குழு, "இதனால் என்ன பலன்? மார்க் கூடியிருக்கிறதா? ரிப்போர்ட் கொடுங்கள்" என்கிறது. கூடவே 40 கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் வந்தது. என் ஆசிரியர்கள் எல்லாக் கட்டத்திலும் "தினமும்" என்று டிக் போட்டுத் தந்துவிட்டார்கள். போர்டை அதிகம் பயன்படுத்தும் ஏழாம் வகுப்பு டீச்சரின் கணக்கு மார்க் இந்த வருடம் குறைந்திருக்கிறது. போர்டைத் தொடவே தொடாத ஆறாம் வகுப்பு சாரின் பிள்ளைகள் நன்றாக வாங்குகிறார்கள். பலன் இல்லை என்று எழுதினால் கொடுத்தவர்கள் மனம் வருந்தும், அடுத்த உதவியும் வராது. பலன் இருக்கிறது என்று எழுதினால் பொய். இதையெல்லாம் அளக்கத்தான் முடியுமா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

"பலன் இருக்கிறது என்று எழுதினால் பொய்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே இந்தப் பதிலைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். அப்படி யோசிக்கிற தலைமையாசிரியர் கையில் இருந்தால்தான் எந்த மதிப்பீடும் உருப்படும்.

அளக்கலாம். ஆனால் நிர்வாகம் கேட்கிற கேள்விக்கு உங்கள் மார்க் லிஸ்டை வைத்து விடை சொல்ல முடியாது. அதைவிடச் சின்னதாக, உங்களுக்கு நேரடியாக உதவக்கூடிய சில கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு பருவத்துக்குள் விடை கண்டுவிடலாம்.

முதலில் அந்தப் படிவம். உங்கள் ஆசிரியர்கள் "தினமும்" என்று டிக் போட்டதை வைத்து அவர்கள்மேல் வருத்தப்படாதீர்கள். நிர்வாகத்துக்குப் போகிற தாளில், தன் பெயருக்கு நேராக, "எப்போதாவது" என்று யார் டிக் போடுவார்கள்? இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் வேலை பார்த்தபோது இதே மாதிரி ஒரு படிவம் தயாரித்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பினேன். கம்ப்யூட்டர் எத்தனை முறை, புரொஜெக்டர் எத்தனை முறை என்று கேட்டிருந்தேன். ஓர் அறிவியல் டீச்சர் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று உண்மையாக எழுதியிருந்தார். அவரைப் "பயிற்சி தேவைப்படுவோர்" பட்டியலில் சேர்த்தேன். மூன்று மாதம் கழித்து அவருடைய வகுப்புக்குப் போனேன். வேப்பமரத்தடியில் நாலு நாலு பிள்ளைகளாகக் கூப்பிட்டு, தன் செல்போன் கேமராவைப் பெரிதாக்கி இலை நரம்பைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நோட்டில் வரைந்தது. என் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. அவரிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். அந்தப் படிவத்தை அதன்பிறகு நான் எடுக்கவில்லை.

எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு வீண் என்று சொல்லவில்லை. அது ஒரு விஷயத்துக்கு நன்றாகவே உதவும்: ஓடாத நாளில் ஏன் ஓடவில்லை என்று தெரிந்துகொள்ள. அதனால் பதிவேட்டில் "பயன்படுத்திய நேரம்" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "பயன்படுத்த நினைத்து முடியாமல் போனது, காரணம்" என்று ஒரு கட்டம் போடுங்கள். கரண்ட் இல்லை, யூபிஎஸ் பேட்டரி அஞ்சு நிமிடம்கூடத் தாங்கவில்லை, நெட் சுற்றிக்கொண்டே இருந்தது, லேப் சாவி மீட்டிங்குக்குப் போனவரின் பையில். இரண்டு மாதம் இதை எழுதினால், நிர்வாகம் எந்தச் செலவைச் செய்ய வேண்டும் என்று அந்தப் பக்கமே காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்கு மேல் அந்தக் கணக்கால் எதுவும் சொல்ல இயலாது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அணைக்கட்டில் எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள் என்பது ஒரு கணக்கு, கடைமடை வயல் நனைந்ததா என்பது வேறு கணக்கு. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2018இல் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எத்தனை பள்ளிக்குப் போனது என்பது சுலபமாக எண்ணக்கூடியது. எண்ணக்கூடியதையே எண்ணிப் பழகிவிட்டோம்.

கடைமடையை எப்படிப் பார்ப்பது? ஒரு நாற்காலி போதும். சில வருடத்துக்கு முன் ஒரு பள்ளியின் லேபில் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பிள்ளைகள், 40 நிமிடப் பீரியடு. ஒரே ஒரு மேசையை மட்டும் கடைசிவரை கவனிப்பது என்று வைத்துக்கொண்டேன். நடுவில் இருந்த பையன் மவுஸைப் பிடித்தவன்தான், விடவில்லை. வலது பக்கத்துப் பையன் "ஏல, எனக்கும் தால" என்று கேட்டுக் கேட்டு ஒரு பத்து நிமிடம் வாங்கினான். இடது பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை மடியில் கையை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தாள். நடுப்பையன் தண்ணீர் குடிக்கப் போனபோது மெல்லக் கையை நீட்டி, திரையில் அந்த அம்புக்குறியை ஓர் ஓரத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தாள். அவன் வந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது. பதிவேட்டில் அன்று "30 மாணவர்கள், 40 நிமிடம்" என்று ஏறியது. அதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளையைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

நீங்களும் வாரம் ஒரு பீரியடு இப்படி உட்காருங்கள். ஒரு மேசை, ஒரு தாள், யார் கையில் எத்தனை நிமிடம் என்று மட்டும் குறியுங்கள். உங்கள் பத்துக் கம்ப்யூட்டருக்கு இதைவிட நல்ல மதிப்பீடு எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது மார்க். உங்களை அதிகம் உறுத்துவதும் இதுதான் என்று நினைக்கிறேன். ஏழாம் வகுப்பில் 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். போன வருடம் 80 வாங்கிய மூன்று பிள்ளைகள் டவுன் பள்ளிக்குப் போய்விட்டார்கள், அந்த இடத்தில் 30 வாங்குகிற மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். டீச்சர் ஒரு குறையும் வைக்கவில்லை, போர்டும் அதே போர்டு. ஆனாலும் வகுப்புச் சராசரி 5 மார்க் இறங்கிவிடும். 150ஐ 30ஆல் வகுத்தால் அவ்வளவுதான் வருகிறது. சின்னப் பள்ளியில் மூன்று பிள்ளைகள் மாறினாலே இப்படி ஆட்டம் காணும் எண்ணை வைத்து, போர்டு நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வது நியாயம் ஆகாது. கார் பருவ நெல் விளைச்சலையும் பிசானப் பருவ விளைச்சலையும் பக்கத்தில் வைத்து, உரத்தை மாற்றியதால்தான் இந்த வித்தியாசம் என்று யாராவது சொன்னால் உங்கள் ஊர்ச் சம்சாரி ஒத்துக்கொள்வாரா?

இன்னொன்றும் இருக்கிறது. அந்த டீச்சர் போர்டை அதிகம் பயன்படுத்துவதே, அந்த வகுப்புப் பிள்ளைகள் தடுமாறுவதால்தானோ என்னவோ. நோய் கூடியவர் மருந்தும் கூடத்தான் சாப்பிடுவார். கேட்டுப் பாருங்கள். கேட்ட பிறகும், கேட்காவிட்டாலும், ரிப்போர்ட்டில் அவருடைய பெயரோ வகுப்போ எந்த இடத்திலும் வரக்கூடாது. ஆறாம் வகுப்பு சாருடையதும் வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். புதிதாக ஒன்றை முயன்று பார்க்கிற ஆசிரியரை மார்க்கைக் காட்டி ஒருமுறை கூனிக்குறுக வைத்துவிட்டால், அந்தப் பள்ளியில் அப்புறம் யாரும் எதையும் முயல மாட்டார்கள்.

சரி, பெரிய அளவில், முறையாக அளந்தவர்கள் என்ன கண்டார்கள்? நிர்வாகக் கூட்டத்தில் பேச உங்களுக்கு இது உதவும்.

குஜராத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் பள்ளிகளில், கணக்குப் பயிற்சிக்கான கம்ப்யூட்டர் திட்டத்தை லீ லிண்டன் என்ற பொருளாதார அறிஞர் இரண்டு விதமாகச் சோதித்தார். 2008இல் முடிவு வந்தது. ஓரிடத்தில் பள்ளி நேரத்துக்குள், ஆசிரியர் நடத்தும் நேரத்தை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் வந்தது. அங்கே பிள்ளைகள், கம்ப்யூட்டரே இல்லாத பிள்ளைகளைவிடக் குறைவாகக் கற்றார்கள். இன்னோரிடத்தில் பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்தார்கள். அங்கே முன்னேற்றம் தெரிந்தது. பெட்டியில் ஒரு மாற்றமும் இல்லை. எந்த நேரத்தின் இடத்தில் அதை உட்கார வைத்தோம் என்பதில்தான் எல்லாம் இருந்தது. உங்கள் பள்ளியிலும் இதைத்தான் முதலில் பார்ப்பேன். ஸ்மார்ட் போர்டு பீரியடு வந்ததும் எது போயிற்று? நூலகப் பீரியடா, வாய்ப்பாடு சொல்கிற நேரமா, பிள்ளைகள் நோட்டில் தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கிற நேரமா? இந்தக் கேள்வியை எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை.

வதோதராவில், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் தங்கள் குழுவோடு நாலாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பிள்ளைகள், கணக்கு விளையாட்டுகள். கணக்கில் நல்ல முன்னேற்றம் கிடைத்தது. திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அதில் பெரும்பகுதி கரைந்திருந்தது. மறுநாள் தேர்வு வைத்துவிட்டு "ஆகா" என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பெருவில் 319 பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வந்தது. பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்ற அளவுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். மொழியிலும் கணக்கிலும் வித்தியாசம் தெரியவில்லை. 2019இல் வெளியான டெல்லி ஆய்வில் 619 பிள்ளைகள். அங்கே மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் நிற்கிற படியைக் கண்டுபிடித்து, அந்தப் படிக்கான கணக்கைக் கொடுத்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான் வரும் என்றால் அங்கிருந்து தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கு, இந்தி இரண்டிலும் தெளிவான முன்னேற்றம். ஆனால் 45 நிமிடம் கம்ப்யூட்டர் என்றால் இன்னொரு 45 நிமிடம் சின்னக் குழுவாக உட்கார்ந்து ஓர் ஆளிடம் படித்தார்கள். இரண்டும் சேர்ந்த பலன் அது. கம்ப்யூட்டரின் பங்கு மட்டும் எவ்வளவு என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பணம் செலவழித்து அளந்தவர்களுக்கே இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. உங்கள் மார்க் லிஸ்ட் அதற்கு மேல் எதையும் சொல்லிவிடாது. இதை நிர்வாகத்திடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

இனி செய்யக்கூடியது. ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு பாடத்தை எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். எமிஸ் என்கிற பள்ளிக்கல்வித் துறை இணையப் பதிவில் ஏற்ற வேண்டியதை ஏற்றி முடிப்பதற்கே உங்கள் ஆசிரியர்களுக்குப் பொழுது போதவில்லை. மதிப்பீடும் இன்னொரு சுமையாக வந்து இறங்கினால், மறுபடியும் எல்லாக் கட்டத்திலும் "தினமும்"தான் வரும்.

ஏழாம் வகுப்பில் முழுக்கள் பாடத்தை எடுத்துக்கொள்வோம். −7உடன் 3ஐக் கூட்டச் சொன்னால் −10 என்று எழுதுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். எண்கோட்டில் −7இல் நின்று வலது பக்கம் மூன்று தாவினால் −4இல் போய் நிற்கலாம். இதைப் போர்டில் அசைத்துக் காட்டும்போது சில பிள்ளைகளுக்குப் பளிச்சென்று பிடிபடுகிறது. பாடநூலில் உள்ள இணையச் செயல்பாடுகளில் இப்படிச் செய்து பார்க்கக்கூடியவை இருக்கின்றன. பாடம் தொடங்குமுன் ஆறு கேள்வி கொடுங்கள். இரண்டு புத்தகக் கணக்கு, இரண்டு கதைக் கணக்கு, ஒன்று எண்கோடு வரையச் சொல்வது, ஒன்று "ஏன் இப்படி வந்தது, உன் வார்த்தையில் எழுது" என்பது. பாடம் முடிந்த மறுநாள் எண்ணை மட்டும் மாற்றி அதே ஆறு. ஒரு மாதம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல், மறுபடியும் அதே மாதிரி ஆறு. அந்த மூன்றாவது தாள்தான் முக்கியம். வதோதராவில் கரைந்துபோனது உங்களிடமும் கரைகிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

திருத்தும்போது மொத்த மார்க்கை விட்டுவிட்டு, −10 எழுதியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். முதல் தாளில் 17 பேர், கடைசித் தாளில் 6 பேர் என்று வந்தால் அது ஒரு செய்தி. அந்த 6 பேர் யார், எந்தப் பெஞ்சு என்று பார்த்தால் அடுத்த திங்கட்கிழமை என்ன செய்வது என்று டீச்சருக்குத் தெரிந்துவிடும். இரண்டு பிரிவு இருந்தால், ஒன்றில் போர்டில் எண்கோடு, மற்றதில் முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிள்ளைகளையே தாவ விடுவது என்று செய்து பாருங்கள். அடுத்த பாடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு வகுப்பை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் எந்தப் பாடத்துக்குப் போர்டைத் திறப்பது, எதற்குச் சாக்பீஸே போதும் என்று உங்கள் ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஆறாம் வகுப்பு சாரையும் அந்தப் பேச்சில் உட்கார வையுங்கள். போர்டைத் தொடாமலே பிள்ளைகளுக்குப் புரியவைக்கிறார் என்றால் அவரிடம் எல்லாரும் கற்க வேண்டியது இருக்கிறது.

எந்தத் தாளிலும் ஏறாத பலனும் உண்டு. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. எழுத்தை வாசித்துச் சொல்லும் ஒரு மென்பொருள் அப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன கொடுக்கிறது என்பதைச் சராசரி மார்க்கில் தேடினால் கிடைக்குமா? உங்கள் பள்ளியிலும் பார்வை மங்கிய ஒரு பிள்ளை, எழுத்தைப் போர்டில் பெரிதாக்கியதால் முதல்முறையாகத் தானே படித்திருக்கலாம். 200 பிள்ளைகளில் ஒரு பிள்ளை சராசரியை அசைக்காது. அதை ரிப்போர்ட்டில் தனியாக, நாலு வரியில், நடந்தது நடந்தபடி எழுதுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போன பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, அங்குள்ள லேபில் முதல்நாள் எப்படி இருந்தது என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே சேருங்கள்.

ரிப்போர்ட் இரண்டு பக்கம் போதும். முதல் பத்தியிலேயே இப்படி எழுதலாம்: "இந்த உபகரணங்களால் மார்க் கூடியதா, குறைந்ததா என்று எங்கள் பள்ளியின் எண்களை வைத்துச் சொல்ல இயலாது. ஒரு பாடத்தில் சோதித்ததில் கண்டது இது. பயன்படுத்த முடியாமல் போன நாட்களும் காரணங்களும் இவை. அடுத்த பருவத்தில் நாங்கள் மாற்றப்போவது இது." கொடுத்தவர்கள் உங்கள் பள்ளியில் படித்த பிள்ளைகள்தானே டீச்சர். உண்மையைச் சொன்னால் கோபிப்பார்கள் என்று ஏன் நினைக்கிறீர்கள்? வெறும் "மிக்க நன்றி, பெரும் பலன்" என்ற கடிதம் அவர்களுக்கு நிறைய வந்திருக்கும். "அந்தப் பேட்டரியை மாற்றித் தந்தால் மாதத்தில் இத்தனை பீரியடு மீளும்" என்று கணக்கோடு வருகிற கடிதத்துக்குப் பதில் வரும். நான் அப்படி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் நாளைக்கே ஒன்று செய்யுங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு, பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போதே, ஏழாம் வகுப்புக் கடைசிப் பெஞ்சின் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்து ஸ்மார்ட் போர்டைப் படித்துப் பாருங்கள். மேற்கு ஜன்னல் இருந்தால் வெயில் போர்டில் விழுந்து பாதி எழுத்து வெள்ளையாக மறைந்திருக்கும். அப்படியானால் ஜன்னலுக்குக் கனமான துணியில் ஒரு திரை தைத்துப் போட்டுவிட்டு, அதன்பிறகு முதல் தாளைக் கொடுங்கள்.